பைக் வழி தவறினாரா, வழி தவறியதுபோல் நடித்தாரா?

#1 கல்தச்சன்

போன மாசம் கொலராடோவின் கிரேட் சாண்ட் டியூன்ஸுக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். பின்னால் பனி போர்த்திய சாங்ரே தே கிறிஸ்டோ மலைத்தொடர், அதன் காலடியில் 700 அடிக்கு மேல் எழும்பி நிற்கும் மணல்மேடுகள். பையன் சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிவிட்டான். எனக்கு மூச்சு வாங்கியது, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் மண்டையைக் குடைந்த விஷயம்தான் இந்த இழை.

1807 ஜனவரி 28. ஜெபுலன் பைக் என்ற 28 வயது ராணுவ அதிகாரி, பசியிலும் குளிரிலும் துவண்ட ஒரு சின்னக் கூட்டத்தோடு அந்த மலையைத் தாண்டி இந்த மணலுக்கு வருகிறார். "புயலடிக்கும் கடல் மாதிரியே இருக்கிறது, நிறம் மட்டும்தான் வேறு" என்ற பொருளில் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். ஒரு மேட்டின் மேல் ஏறித் தொலைநோக்கியில் பார்த்தால் தூரத்தில் ஒரு பெரிய ஆறு. அதுதான் தான் இத்தனை நாள் தேடிய ரெட் ரிவர் என்று முடிவு கட்டுகிறார். உண்மையில் அது ரியோ கிராண்டே. ஸ்பெயின் ஆண்ட நியூ மெக்சிகோவின் உயிர்நாடி. ஒரே மாசத்தில் ஸ்பானியப் படையிடம் மாட்டினார்.

முன்கதை தெரியாதவர்களுக்கு: 1803-ல் அமெரிக்கா 1.5 கோடி டாலருக்கு பிரான்சிடமிருந்து லூயிசியானாவை வாங்கியது. மேற்கு எல்லை எது என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. நிலத்தை ஆராய அனுப்பப்பட்ட லூயிஸும் கிளார்க்கும் ஏற்கெனவே வடமேற்கே போயிருந்தார்கள். தென்மேற்கே பைக்கை அனுப்பியவர் ஜெனரல் ஜேம்ஸ் வில்கின்சன். 1806 ஜூலை 15 அன்று செயின்ட் லூயிஸ் பக்கத்திலிருந்து கிளம்பினார்கள். எதிரிகளிடம் பிடிபட்டு மீட்கப்பட்ட 51 ஓசேஜ் பழங்குடி மக்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது, கமாஞ்சிப் பழங்குடிகளோடு பேசுவது, ஆர்கன்சா, ரெட் ரிவர் ஆறுகள் இரண்டும் தொடங்கும் இடங்களைப் பார்ப்பது, ரெட் ரிவர் வழியாகவே இறங்கித் திரும்புவது. ஸ்பெயின்காரர்களைச் சீண்டக் கூடாது என்றும் உத்தரவு.

என் கேள்வி: ஆறு மாசம் நடந்த ஒரு படை அதிகாரி இவ்வளவு பெரிய ஆற்றைத் தெரியாமல் குழப்பிக்கொள்வாரா?

#2 சும்மாவந்தேன்

தலைப்பைப் பார்த்துட்டு ஜிபிஎஸ் வேலை செய்யாம ஹைவேல ரூட் மாறின டூ வீலர் கதைன்னு உள்ள வந்தேன். வந்தது வந்தாச்சு, உட்கார்ந்து படிக்கிறேன்.

#3 ஏட்டுச்சுரை

கல்தச்சன் சார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அனுப்பியவர் யார் என்று பாருங்கள். வில்கின்சன் அமெரிக்கப் படையின் தலைமை ஜெனரல், லூயிசியானாப் பிரதேசத்தின் ஆளுநர். அதே சமயம் ஸ்பெயினிடம் பல வருஷம் ரகசியமாகப் பணம் வாங்கிய உளவாளி, அவர்கள் கணக்கில் 'ஏஜென்ட் 13'. உயிரோடிருந்த வரை ராணுவ விசாரணையில்கூடத் தப்பித்துக்கொண்டார். ஸ்பானிய ஆவணங்கள் வெளியே வந்த பிறகுதான் குட்டு உடைந்தது. போதாததற்கு முன்னாள் துணை அதிபர் ஏரன் பர் மேற்கே ஏதோ சதி செய்கிறார் என்று நாடே பேசிக்கொண்டிருந்த அதே 1806. இந்தப் பயணத்துக்கு உத்தரவு போட்டது அதிபர் ஜெஃபர்சன் இல்லை, வில்கின்சன்.

அடுத்தது டாக்டர் ராபின்சன். சம்பளமில்லாமல் கூடவே வந்த சிவிலியன். பிப்ரவரி 7 அன்று பைக்கின் முகாமிலிருந்து தன்னந்தனியாக நியூ மெக்சிகோவின் தலைநகர் சாண்டா ஃபேக்குக் கிளம்புகிறார். எதற்கு? கடன் வசூலிக்க! கஸ்காஸ்கியா வியாபாரி வில்லியம் மாரிசன் 1804-ல் லலாண்ட் என்பவரிடம் சரக்கு கொடுத்து அனுப்பினாராம், அந்த ஆள் சாண்டா ஃபேயிலேயே தங்கிவிட்டாராம். கடன் நிஜம்தான். ஆனால் பனிமலைக்கு நடுவில் நின்றுகொண்டு கடன் பத்திரத்தை நீட்டுகிறவனை என்னவென்று சொல்வது? அது சாக்கு என்று பைக்கே பின்னாளில் எழுதிவிட்டார். சாண்டா ஃபேயில் ஆளுநர் கேட்டபோது, ராபின்சன் என் கூட்டத்து ஆளே இல்லை என்று சாதித்தார்.

வேவு பார்க்கத்தான் போனார். வழி தவறியது நாடகம்.

#4 நீர்வழி

ஏட்டுச்சுரை அண்ணன் பாதிக் கதையை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டார். வேவு பார்க்கப் போனவன் வழி தவறக் கூடாதா?

அந்தக் காலத்து வரைபடத்தைப் பாருங்கள். ஜெர்மன் விஞ்ஞானி ஹம்போல்ட் 1804-ல் வாஷிங்டன் வந்தபோது நியூ ஸ்பெயின் வரைபடத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அது வில்கின்சன் கைக்கும் போனது. அதில் ரெட் ரிவர் நியூ மெக்சிகோ மலைகளில் பிறப்பதாக இருக்கிறது. நிஜத்தில் அது பிறப்பது டெக்சாஸின் வறண்ட மேட்டுச் சமவெளியில், மலையே இல்லாத இடம். மலையில் பிறந்து ஓடிவரும் கனேடியன் ஆற்றை ரெட் ரிவரின் தலை என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள், ஸ்பெயின்காரர்கள் உட்பட.

அதனால் பைக் மலைக்குள் ரெட் ரிவரைத் தேடியது அவர் முட்டாள்தனம் இல்லை. இல்லாத இடத்தில் தேடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். 13 வருஷம் கழித்து, 1820-ல், ஸ்டீபன் லாங் இன்னொரு படையோடு போனார். கனேடியன் ஆற்றைப் பிடித்து, இதுதான் ரெட் ரிவர் என்று நம்பி, அது ஆர்கன்சாவில் கலக்கும் இடம் வரை நடந்த பிறகுதான் அசடு வழிந்தார். அவரும் நடித்தாரா? ரெட் ரிவரின் உண்மையான தலையை ராண்டால்ஃப் மார்சி போய்ப் பார்த்தது 1852-ல்.

அதே 1806-ல் ஜெஃபர்சன் அனுப்பிய ஃப்ரீமன், கஸ்டிஸ் குழு கீழிருந்து ரெட் ரிவரில் ஏறிப் போனது. ஜூலைக் கடைசியில் ஸ்பானியப் படை மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆக, மேலிருந்தும் தெரியாது, கீழிருந்தும் தெரியாது.

#5 ஏட்டுச்சுரை

நீர்வழித் தம்பி, வரைபடம் தப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அது ரெட் ரிவர் என்று நம்பியவர், ஆற்றின் இந்தக் கரையில்தானே கோட்டை கட்டியிருக்க வேண்டும்? ஆற்றைக் கடந்து, மேற்கிலிருந்து வரும் கொனேஹோஸ் என்ற கிளையாற்றில் சுமார் 5 மைல் உள்ளே போய்க் கட்டினார். அவர் கணக்குப்படியே பார்த்தாலும் அது ஸ்பெயின் பக்கம்.

#6 நீர்வழி

மரம் அந்தப் பக்கம்தான் இருந்தது. பெரிய ஆற்றங்கரை மொட்டை. மரமில்லாமல் என்னத்தை வைத்து அரண் கட்டுவது, குளிர் காய்வது? உறைபனியில் சாகக் கிடக்கிறவன் எல்லைக்கோட்டைப் பார்த்தா விறகு பொறுக்குவான்?

#7 சும்மாவந்தேன்

ரெண்டு பேரும் சண்டை போடுங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். பைக்ஸ் பீக்னு மலை இருக்கே, அது இவர் ஏறினதாலயா அந்தப் பேரு?

#8 கல்தச்சன்

அங்கேதான் வேடிக்கை. அவர் அதில் ஏறவே இல்லை.

1806 நவம்பர் 15 அன்று தூரத்தில் ஒரு சின்ன நீல மேகம் மாதிரி தெரிந்தது. தொலைநோக்கியில் பார்த்தால் மலை. ஒன்றிரண்டு நாளில் போய்விடலாம் என்று நினைத்தார். நடக்க நடக்க அது தள்ளித் தள்ளியே நின்றது. சமவெளிக் காற்றின் தெளிவு அப்படி, நானே காரில் போகும்போது ஏமாந்திருக்கிறேன். நவம்பர் 24 அன்று ராபின்சனையும் இரண்டு சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கம்பளியையும் சாப்பாட்டையும் கீழே வைத்துவிட்டு ஏறியிருக்கிறார்கள், சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று! மேலே போனது மெல்லிய பருத்திக் கால்சட்டையில், காலுறைகூட இல்லாமல். 27-ம் தேதி இடுப்பளவு பனியில் ஒரு உச்சிக்கு வந்து நின்றால், அது வேறு மலை. நிஜமான உச்சி எதிரே இன்னும் எத்தனையோ மைல் தள்ளி வானத்தில் நிற்கிறது. எந்த மனுஷனாலும் இதன் முடியை எட்ட முடியாது என்று எழுதிவிட்டு இறங்கினார். 1820-ல் லாங் குழுவிலிருந்த எட்வின் ஜேம்ஸ் ஏறிவிட்டார்.

உயரத்தை 18,581 அடி என்று கணக்கிட்டார். சரியான உயரம் 14,115. இப்போது கார் போகிறது, பல்சக்கர ரயில் போகிறது, உச்சியில் டோனட் விற்கிறார்கள்.

#9 செம்பருத்தி

ஒரு வாரமாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

முதலாவது, முந்தைய இழைகளிலெல்லாம் 'வரைபடமில்லாத நிலம்' என்று சர்வசாதாரணமாக எழுதுகிறீர்கள். யாருக்கு? யூட் மக்களுக்கு அந்த மலை 'தாவா', சூரிய மலை. நியூ மெக்சிகோ ஆளுநர் ஆன்சா 1779-லேயே அதன் ஓரமாகப் படையோடு போயிருக்கிறார். பைக் சமவெளியைக் கடந்ததே முன்னால் போன ஸ்பானியத் தளபதி மெல்காரெஸின் குதிரைக் குளம்படியைப் பார்த்துத்தான். 600 பேரோடு அவர் போய் வந்த தடம் அது. முகாம் போட்ட இடத்தில் அணைந்துகிடந்த அடுப்புகளை எண்ணி, எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார் பைக். ஆளில்லாத காடு என்று சொல்லிவிட்டு அடுத்தவன் அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டு போகிற பயணம்!

செப்டம்பர் 29, பானி மக்களின் ஊர். மெல்காரெஸ் கொடுத்த ஸ்பானியக் கொடி தலைவர் வீட்டு வாசலில் பறக்கிறது. பைக்கிடம் சுமார் 20 பேர். சுற்றி நூற்றுக்கணக்கான பானி வீரர்கள். கொடியை இறக்கு, எங்கள் கொடியை ஏற்று என்கிறார். நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர் எழுந்து போய் அந்தக் கொடியை இறக்கி பைக்கின் காலடியில் வைத்துவிட்டு இதை ஏற்றினார். ஊர் முகம் வாடியதைப் பார்த்து, நான் இருக்கும்வரை ஏற்ற வேண்டாம் என்று சொல்லி ஸ்பானியக் கொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் பைக். எனக்கு இந்த ஆளிடம் பிடித்த ஒரே இடம் இதுதான். பயந்ததும் தெரிகிறது, புத்தி வந்ததும் தெரிகிறது.

இரண்டாவது, நீங்கள் பைக்கின் மனசுக்குள் என்ன இருந்தது என்றே பேசுகிறீர்கள். கூடப் போன சிப்பாய்களின் காலில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஜனவரி 14 அன்று, மொழிபெயர்ப்பாளரையும் ஒரு சிப்பாயையும் குதிரைகளோடு விட்டுவிட்டு, ஆளுக்குச் சுமார் 70 பவுண்ட் சுமையோடு மலையேறினார்கள். மூன்றே நாளில் ஒன்பது பேருக்குக் காலில் பனிக்கடி. ஜான் ஸ்பார்க்ஸ், தாமஸ் டோகர்ட்டி இருவராலும் நடக்கவே முடியவில்லை. இறைச்சியும் தோட்டாவும் கொடுத்து அங்கேயே விட்டுவிட்டுப் போனார். மீட்க ஆள் அனுப்பியபோதும் அவர்களால் எழுந்து வர முடியவில்லை. உதிர்ந்துபோன தங்கள் கால்விரல் எலும்புகளை பைக்குக்குக் கொடுத்தனுப்பினார்கள், எங்களைச் சாக விட்டுவிடாதே என்று. என் மனசை அறியாமல் சந்தேகப்பட்டார்களே என்று பைக் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு அதுதான் வலித்திருக்கிறது!

ஜான் பிரவுன் என்ற சிப்பாய், மூன்று நாள் பட்டினியில் மூன்றடிப் பனியில் குதிரை சுமக்க வேண்டியதை மனுஷன் சுமக்க முடியாது என்று முணுமுணுத்தார். வேட்டை கிடைத்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு, இன்னொரு முறை பேசினால் உயிர் போகும் என்று எச்சரித்தார் பைக்.

#10 சும்மாவந்தேன்

அக்கா, அந்த எலும்பு விஷயம் படிச்சுட்டு காபியை அப்படியே வச்சுட்டேன்.

#11 நீர்வழி

செம்பருத்தி சொன்னதுக்கு மறுப்பில்லை. லூயிஸ், கிளார்க்கோடு போன சிப்பாய்களுக்கு இரட்டைச் சம்பளமும் 320 ஏக்கரும் கிடைத்தது. பைக்கின் ஆட்களுக்குக் காங்கிரஸ் ஒன்றும் தரவில்லை. பைக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. வில்கின்சன் பெயர் ஒட்டிக்கொண்டதால் வந்த வினை என்பது என் எண்ணம்.

ஆனால் அந்தக் கால்களே என் கட்சிக்குச் சாட்சி. டிசம்பரைப் பாருங்கள், யாரும் பேசாத மாசம் அது. ராயல் கோர்ஜ் பள்ளத்தாக்கில் ஆர்கன்சாவை விட்டு வடக்கே போனார். சவுத் பிளாட் ஆற்றின் தலையைக் கண்டார். மேற்கே திரும்பி டிசம்பர் 18 அன்று ஒரு பெரிய ஆற்றுக்கு வந்தார். ரெட் ரிவர் கிடைத்துவிட்டது! கிறிஸ்துமஸ் அன்று காட்டெருமை இறைச்சி இருந்தது, உப்பில்லை. கம்பளியைக் கிழித்துக் காலுறை, பச்சைத் தோலில் செருப்பு. ஆற்றோடு இறங்கினார்கள். பாறை இடுக்கில் குதிரைகள் விழுந்து செத்தன. ஜனவரி 5 அன்று வெளியே வந்து பார்த்தால் முன்பு தாங்களே போட்ட பழைய முகாம். ஒரு மாசம் சுற்றி வந்தது அதே ஆர்கன்சாவை! அன்றைக்கு அவருடைய 28-வது பிறந்தநாள். இவ்வளவு கேவலமான பிறந்தநாள் இனி வரக் கூடாது என்று எழுதினார்.

இதை யாருக்காக நடித்தார்? அந்த மலையில் எந்த ஸ்பெயின்காரன் பார்த்துக்கொண்டிருந்தான்?

#12 ஏட்டுச்சுரை

தம்பி, டிசம்பரை ஒப்புக்கொள்கிறேன். அதில் எனக்குப் பதில் இல்லை.

ஆனால் நான் கடைசிக்கு வைத்திருந்த சீட்டை இப்போது இறக்குகிறேன். 1806 ஜூலை 22. கிளம்பி ஒரே வாரம். பைக் வில்கின்சனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். சாரம் இதுதான்: ஸ்பானியப் படையை எதிர்கொள்ள நேர்ந்தால், நாங்கள் எங்கள் நாட்டு நாக்கிடோஷ் எல்லைக் காவல் நிலையத்துக்குப் போகிறவர்கள், இங்குள்ள ஆறுகளின் தலைப்பகுதி சரியாகத் தெரியாமல் இந்தப் பக்கம் வந்துவிட்டோம், உங்கள் தளபதிக்குச் சம்மதமென்றால் மரியாதை நிமித்தமாகப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லலாம். வழி தவறுவதற்கு ஆறு மாசம் முன்பே வழி தவறிய கதை தயார்!

#13 கல்தச்சன்

அடேயப்பா. இது எனக்குத் தெரியாது.

அப்படியென்றால் இரண்டு பேர் சொல்வதும் சேர்ந்து நிற்கிறதே? தொலைந்ததாகச் சொல்லிக்கொள்ள ஒரு கதை கையில் இருந்தது. போன இடத்தில் நிஜமாகவே தொலைந்துவிட்டார். புலி வருது கதையில் பையன் புலிக்காகவே பொய்யைத் தயாரித்து வைத்திருந்த மாதிரி. ஜனவரியில் கையிலிருந்த பொய்யும் காலடியிலிருந்த உண்மையும் ஒன்றாகிவிட்டது, அவராலேயே இனிப் பிரித்துப் பார்த்திருக்க முடியாது.

இருந்தாலும் ராபின்சனை அனுப்பிய பிப்ரவரியில், சாண்டா ஃபே எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்தேதானே அனுப்பினார்? அது தெரிந்தால் தான் எங்கே நிற்கிறோம் என்பதும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். இந்த முடிச்சு எனக்கு அவிழவில்லை.

#14 நீர்வழி

ஹம்போல்ட் வரைபடத்தின்படி ரெட் ரிவரின் தலையும் சாண்டா ஃபேயும் பக்கத்துப் பக்கத்தில்தான். ரெட் ரிவரில் நிற்பதாக நம்பிக்கொண்டே சாண்டா ஃபேக்கு ஆள் அனுப்பலாம். முடிச்சு அவ்வளவு பெரிசில்லை.

#15 ஏட்டுச்சுரை

வேவு வேலை பலித்ததா என்று பார்த்தால், பலித்தது. பிப்ரவரி 26 அன்று 100 ஸ்பானிய வீரர்கள் வந்து அழைத்துப் போனார்கள். மார்ச் 3 சாண்டா ஃபே. ஆளுநர் அலென்காஸ்டர் விசாரித்துவிட்டு மேலதிகாரி சால்செடோவைப் பார்க்க சிவாவாவுக்கு அனுப்பினார். வழித்துணையாக வந்தது யார்? அதே மெல்காரெஸ். தேடிப் போனவரும் தேடப்பட்டவரும் நண்பர்களாகிவிட்டார்கள். (இந்த மெல்காரெஸ்தான் பின்னாளில் ஸ்பெயினின் கடைசி நியூ மெக்சிகோ ஆளுநர்.) சிவாவாவில் காகிதங்களைப் பறித்துக்கொண்டார்கள். அப்படியும் வழியில் எடுத்த குறிப்புகளைச் சிப்பாய்களின் துப்பாக்கிக் குழலுக்குள் சுருட்டித் திணித்துக் கொண்டுவந்தார். 1807 ஜூலை 1 நாக்கிடோஷ். 1810-ல் புத்தகம். ஊர், படை, மக்கள், சரக்கு விலை எல்லாம் அதில் இருக்கிறது. 1821-ல் மெக்சிகோ விடுதலை பெற்றதும் வியாபாரிகள் சாண்டா ஃபேக்கு வண்டி கட்டினார்கள். அவர்களுக்கு முன்பாகவே ஆசையை மூட்டியது அந்தப் புத்தகம்.

தன் வரைபடத்தை பைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார் என்று ஹம்போல்ட் ஜெஃபர்சனிடமே முறையிட்டார், அது தனிக் கதை. பறிபோன காகிதங்களை நூறு வருஷம் கழித்து மெக்சிகோ ஆவணக் காப்பகத்தில் வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் போல்டன் கண்டெடுத்தார்.

#16 செம்பருத்தி

சாண்டா ஃபேக்குள் நுழைந்தபோது இவர்கள் கோலத்தைப் பார்த்து மக்கள் கேட்ட கேள்வியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. தலையில் நரித்தோல் வைத்துத் தைத்த சிவப்புத் துணித் தொப்பி, கம்பளிக் கோட்டு, தோல் செருப்பு. உங்கள் ஊரில் வீடுகள் உண்டா, கூடாரம்தானா என்று கேட்டிருக்கிறார்கள். நாகரிகத்தைத் தோளில் சுமந்து போனதாக நினைத்த ஆளுக்கு!

பைக் மலையில் விட்டுவிட்டு வந்த சிப்பாய்களை ஸ்பெயின்காரர்களே தேடிப் போய்ச் சாண்டா ஃபேக்குக் கொண்டுவந்தார்கள். பனியில் ஒருவர்கூடச் சாகவில்லை. செத்தது பிறகு, மெக்சிகோவில், சார்ஜென்ட் மீக்கின் கையால் சிப்பாய் மில்லர். குடிபோதைச் சண்டை. மீக் 1821 வரை சிறையிலிருந்தார். பைக் 1813 ஏப்ரல் 27 அன்று கனடாவின் யார்க்கில், இன்றைய டொரான்டோவில், வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் 34 வயதில் இறந்தார்.

#17 மட்டுறுத்துநர்

வில்கின்சன், ஏரன் பர் சதி பற்றி வந்த நான்கு பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே பைக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

#18 கல்தச்சன்

கடைசியாக ஒன்று. பிப்ரவரி 26 அன்று நடந்த உரையாடலை பைக்கே எழுதியிருக்கிறார். ஸ்பானிய அதிகாரிதான் முதலில் வாயைத் திறக்கிறார்: நீங்கள் வழி தவறிவிட்டீர்கள் என்று எங்கள் ஆளுநருக்குத் தெரிந்தது, உங்களை ரெட் ரிவரின் தலைப்பகுதிக்குக் கொண்டுபோய்விட கோவேறு கழுதை, குதிரை, பணம் எது வேண்டுமானாலும் தரச் சொல்லியிருக்கிறார். பைக் இடைமறிக்கிறார்: "என்ன, இது ரெட் ரிவர் இல்லையா?" "இல்லை ஐயா, ரியோ தெல் நோர்த்தே." (ரியோ கிராண்டேக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்.) உடனே தன் கொடியை இறக்கிச் சுருட்டச் சொல்கிறார்.

அந்தக் "என்ன"வில்தான் எல்லாம் இருக்கிறது. அரணைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்களாம், வெயில் வந்ததும் கொனேஹோஸ் பக்கம் போய்ப் பார்க்கப் போகிறேன்.

#19 சும்மாவந்தேன்

அண்ணே, அந்த வசனத்தை ரெண்டு விதமா எங்க வீட்டம்மாகிட்ட பேசிக் காட்டினேன். முதல்ல நிஜமா திடுக்கிட்ட மாதிரி, அடுத்து தெரிஞ்சுக்கிட்டே கேக்குற மாதிரி. எது பொய்னு கண்டுபிடின்னேன்.

ரெண்டும் பொய்தான், நேத்து சாயங்காலம் எங்க போயிருந்தீங்கன்னு சொல்லுங்கன்னாங்க.